படக்கட்டப் புதிரும் பழைய பேசிக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் படக்கட்டப் புதிரையும், அதன் வழியே நிரல் எழுதுவதையும் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளும், கூட்டிவரும் பெற்றோரும், ஒருகாலத்தில் பேசிக் மொழியில் நிரல் அடித்துப் பழகிய பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டவர்கள் வாய்மொழியை மாற்றவில்லை. இரண்டு விஷயமும் ஒரே பக்கத்தில் இருக்கக் காரணம் உண்டு: இரண்டிலும் உறுதியானதை மட்டும்தான் எழுத வேண்டும், அதுவும் எண்ணிப் பார்த்து எழுத வேண்டும்.

1. சார், இது சுடோகு மாதிரியா?

இல்லை. சுடோகுவில் எண்களை நாம் நிரப்புகிறோம். இதில் எண்கள் முதலிலேயே இருக்கும். கட்டங்களைக் கறுப்பாக்கினால் படம் வரும். ஒவ்வொரு குறுக்கு வரிசைக்கும் இடப்பக்கத்திலும், ஒவ்வொரு நெடுக்கு வரிசைக்கும் மேலேயும் குறிப்பெண்கள் இருக்கும். "4 3" என்றால், அந்த வரிசையில் அடுத்தடுத்து நான்கு கறுப்புக் கட்டம், பிறகு ஒரு வெற்றுக் கட்டமாவது, பிறகு மூன்று கறுப்பு. இந்த முறை மாறாது. முன்னும் பின்னும் எத்தனை வெற்றுக் கட்டமும் இருக்கலாம்.

நோனோகிராம், ஹன்ஜி, கிரிட்லர், பிக்ராஸ் என்று பல பெயரில் கிடைக்கும். எல்லாம் ஒன்றுதான்.

2. ஒண்ணு போட்டுக் காட்டுங்க, அப்பதான் புரியும்.

ஐந்துக்கு ஐந்து கட்டம். குறுக்கு வரிசைகள் மேலிருந்து கீழாக: 1, 2, 1, 5, 3. நெடுக்கு வரிசைகள் இடமிருந்து வலமாக: 1, 2, 5, "1 2", 1.

நான்காம் குறுக்கு 5, ஆகவே முழுக்கக் கறுப்பு. மூன்றாம் நெடுக்கும் 5, அதுவும் முழுக்கக் கறுப்பு. இதிலேயே முதல் குறுக்கும் மூன்றாம் குறுக்கும் முடிந்துவிட்டன. அவற்றின் மற்ற கட்டங்களில் புள்ளி வையுங்கள். இப்போது இரண்டாம் நெடுக்கைப் பாருங்கள். குறிப்பு 2, நான்காம் கட்டம் ஏற்கெனவே கறுப்பு. மேலே மூன்றாம் கட்டத்தில் புள்ளி இருக்கிறது, ஆகவே இன்னொன்று கீழே ஐந்தாம் கட்டம்தான். முதல் நெடுக்கின் 1 நான்காம் குறுக்கில் தீர்ந்துவிட்டதால், ஐந்தாம் குறுக்கின் 3 இரண்டாம் கட்டத்தில் தொடங்கி நான்கில் முடிகிறது. மிச்சம் இரண்டாம் குறுக்கு: இடப்பக்கம் போக முடியாது, ஆகவே வலப்பக்கம்.

□□■□□
□□■■□
□□■□□
■■■■■
□■■■□

கொடி கட்டிய படகு. எங்கேயும் "இப்படி இருக்கலாம்" என்று ஒரு கட்டம்கூட வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

3. போன்ல ஆப் இருக்கே, பேப்பர் எதுக்கு?

பல ஆப்புகளில் தவறான கட்டத்தைத் தொட்டவுடன் சிவப்பாகக் காட்டிவிடும். பிள்ளை உடனே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழகிவிடும். யோசிக்கும் வேலை ஆப்புக்குப் போய்விடும். அமைப்பில் அந்த உதவியை நிறுத்த முடிந்தால் ஆப்பும் நல்லதுதான்.

பேப்பருக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஐந்து கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இழுத்துக்கொள்ளுங்கள். எண்ணுவதில் வரும் பிழையில் பாதி அதிலேயே போய்விடும். பென்சில், ரப்பர் வேண்டும், பேனா வேண்டாம். வெற்று என்று உறுதியான கட்டத்தில் கட்டாயம் புள்ளி வையுங்கள். புள்ளி வைக்காதவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

4. பெரிய கட்டத்துல எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ஒவ்வொரு வரிசைக்கும் "மிச்சம்" கணக்கிடுங்கள். குறிப்பெண்களைக் கூட்டி, இடையில் வேண்டிய வெற்றுக் கட்டங்களையும் சேர்த்து, வரிசையின் நீளத்தில் கழிக்க வேண்டும். பத்துக் கட்டத்தில் "4 3" என்றால் 4 + 1 + 3 = 8; மிச்சம் 2. எந்தத் தொடரின் (அடுத்தடுத்த கறுப்புக் கட்டங்களின்) நீளம் மிச்சத்தைவிட அதிகமோ, அந்தத் தொடரில் அந்த வித்தியாசம் அளவுக்குக் கட்டங்கள் இப்போதே உறுதி. 4இல் இரண்டு, 3இல் ஒன்று.

எவை என்று கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் இடப்பக்கம் நெருக்கி வைத்துப் பாருங்கள்: 1 முதல் 4, 6 முதல் 8. பிறகு வலப்பக்கம் நெருக்குங்கள்: 3 முதல் 6, 8 முதல் 10. ஒரே தொடர் இரண்டு நிலையிலும் மூடும் கட்டங்கள் 3, 4, 8. இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆறாம் கட்டமும் இரண்டு நிலையிலும் கறுப்பு என்று அதையும் நிரப்பிவிடுவார்கள். இடப்பக்க நிலையில் அது 3இன் கட்டம், வலப்பக்க நிலையில் 4இன் கட்டம். தொடர் வேறானால் கணக்கில் வராது.

மிச்சம் குறைவான வரிசைகளை முதலில் எடுங்கள். பிறகு மாற்றம் நடந்த வரிசைகளை மட்டும் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் பார்ப்பது வீண் வேலை.

5. கோலம் போடுறவங்களுக்கு இது லேசா வருமாக்கா?

எண்ணும் பழக்கம் நிச்சயம் கைகொடுக்கும். 15 புள்ளி நேர்ப்புள்ளி வைத்துப் பழகியவர்கள் கட்டத்தைத் தவறவிடுவது அரிது. ஆனால் கோலத்தில் ஒரு பக்கம் போட்டதை மறுபக்கம் அப்படியே திருப்பிப் போடுவோம். புதிரில் அந்த உரிமை எப்போதும் இல்லை. எப்போது உண்டு என்பது கேள்வி 15இல்.

கோலத்துக்கும் கணினிக்கும் ஆராய்ச்சி அளவிலேயே உறவு உண்டு. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, கட்ட வடிவங்களை விதிகளால் உருவாக்கும் இலக்கணத்தை எழுதினார்கள். வாசலில் போடுவதைக் கணிப்பொறி அறிவியலாக முதலில் பார்த்தவர்கள் நம் மாநிலத்தில் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

6. யாரு கண்டுபிடிச்சது?

ஜப்பானில் 1980களின் கடைசியில் நோன் இஷிதா, தெத்சுயா நிஷியோ என்ற இருவர் தனித்தனியாக உருவாக்கினார்கள். உயரமான கட்டடத்தின் ஜன்னல் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் படம் காட்டியதில் இருந்து இஷிதாவுக்கு இந்த யோசனை வந்தது. 1990இல் பிரிட்டனில் ஜேம்ஸ் டால்கெட்டி அவர் பெயரை வைத்தே நோனோகிராம் என்று பெயரிட்டார். சண்டே டெலிகிராஃப் இதழ் வாராவாரம் வெளியிட்டது. 1995இல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவிக்கு மரியோ பிக்ராஸ் வந்தது.

7. பாதியில நின்னுருச்சு. இனி யூகிச்சுப் போடலாமா?

முதலில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். முடிந்த தொடரின் இரு முனையிலும் புள்ளி வைத்தீர்களா? ஓரக் கட்டம் கறுப்பானால் அந்த ஓரத்துத் தொடர் முழுக்கத் தெரிந்துவிடுமே, அதை நிரப்பினீர்களா? இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடம் எந்தத் தொடருக்கும் போதாது என்றால் அங்கேயும் புள்ளி வைத்தீர்களா? நின்றுபோன புதிர்களில் பெரும்பாலானவை இதிலேயே நகர்ந்துவிடும்.

அதன்பிறகும் நின்றால், ஒரு கட்டத்தைக் கறுப்பு என்று வைத்துக்கொண்டு, வேறு நிறப் பென்சிலால் விளைவுகளைத் தொடருங்கள். எங்காவது முரண்பட்டால், அந்தக் கட்டம் வெற்று என்று நிரூபித்துவிட்டீர்கள். முரண்படவில்லை என்றால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. நிறப் பென்சில் குறிகளை முழுக்க அழித்துவிட்டு வேறு கட்டத்தை எடுங்கள். "சரியாத்தானே போகுது" என்று அப்படியே விட்டுவைப்பதுதான் புதிரைக் கெடுக்கிறது. ஓரத்தை ஒட்டிய கட்டங்களில் முயன்றால் முரண்பாடு சீக்கிரம் தெரியும்.

8. நானே படம் வரைஞ்சு எண் எழுதிக் குடுத்தேன். தம்பி வேற படம் கொண்டாந்தான், எண்ணெல்லாம் சரியா இருக்கு. எப்படி?

எல்லாப் படமும் நல்ல புதிர் ஆகாது. மிகச் சிறிய உதாரணம் இரண்டுக்கு இரண்டு கட்டம், எல்லாக் குறிப்பெண்ணும் 1. இந்த மூலைவிட்டமும் சரி, அந்த மூலைவிட்டமும் சரி. பெரிய படத்தில் இதே நிலை ஒளிந்திருக்கும்: இரண்டு குறுக்கும் இரண்டு நெடுக்கும் சந்திக்கும் நான்கு இடங்களில், எதிரெதிர் மூலைகளில் தனிக் கறுப்புகள் நிற்கும், அவற்றை இடம் மாற்றினாலும் எண்களின் வரிசை மாறாது. கண், பொத்தான், நட்சத்திரம், மீன் செதில் போட்ட இடங்களில் இது அதிகம்.

தனிக் கட்டம் ஒன்றைப் பக்கத்துத் தொடரோடு சேர்த்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். எண்களை மட்டும் வேறு தாளில் எழுதி, படத்தை மறைத்துவிட்டு, கேள்வி 4இன் முறையில் புதிதாகத் தீர்த்துப் பாருங்கள். படம் தெரிந்த கண் ஏமாற்றும். இன்னொருவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது.

9. நம்ம ஊர் விஷயங்கள்ல எதெது நல்லாப் புதிராகும்?

பாய் விரித்த படகு, சங்கு, நண்டின் உடல், கலங்கரை விளக்கம் எல்லாம் நன்றாக வரும். அடர்ந்த கறுப்பு இருப்பதால் மிச்சம் குறையும். பனைமரத்தின் தண்டு நீளமான நெடுக்குத் தொடராக அமைந்து நல்ல தொடக்கம் கொடுக்கும். வலையை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பான இடம் முழுக்கக் கேள்வி 8இன் சிக்கல்.

பாம்பன் பாலத்தைப் பலர் கேட்கிறார்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தின் தூண்களை வரைந்தால் "1 1 1 1 1" வரும். பத்துக் கட்ட அகலத்தில் மிச்சம் 1. ஒரு கட்டம்கூட உறுதியாகாது, ஆறு விதமாக வைக்கலாம். ஒன்பது கட்டமாக்கினால் ஒரே விதம்தான். ஆகவே அகலத்தை ஒற்றைப்படையாக வைத்து, இரண்டு ஓரத்திலும் தூண் வரும்படி வரையுங்கள். 2025இல் திறந்த புதிய பாலத்தின் தூக்குப் பகுதி இன்னும் வசதி: இரண்டு கோபுரம், நடுவே மேலே போகும் நீண்ட தளம்.

10. இதுக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

பள்ளிகளில் கணினி சொல்லிக்கொடுக்க 1984இல் இந்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அதில் புது எழுத்து ஒன்றை வரைய, விடியூ 23 என்ற கட்டளைக்குப் பின் எழுத்தின் எண்ணையும், எட்டுக்கு எட்டு கட்டத்தின் ஒவ்வொரு குறுக்குக்கும் ஓர் எண்ணாக எட்டு எண்களையும் கொடுக்க வேண்டும். கட்டங்களின் மதிப்பு இடமிருந்து வலம் 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நடு நான்கு கட்டம் கறுப்பு என்றால் 32 + 16 + 8 + 4 = 60. நோட்டில் கட்டம் போட்டு, வரைந்து, கூட்டி, பிறகுதான் விசைப்பலகைக்குப் போவார்கள்.

60 என்ற எண் எந்தக் கட்டங்கள் கறுப்பு என்று முழுக்கச் சொல்லிவிடுகிறது. அதே வரிசைக்குப் புதிரின் குறிப்பெண் 4. அது நீளத்தை மட்டும் சொல்கிறது. 240, 120, 60, 30, 15 ஆகிய ஐந்தும் அதற்குப் பொருந்தும். தொலைந்த இடத்தை நெடுக்கு வரிசைகளிடம் கேட்டு மீட்பதுதான் புதிர்.

11. ஜிடபிள்யூ பேசிக்ல தீர்க்க முடியுமா? மெமரி பத்துமா?

தாராளமாகப் போதும். மைக்ரோசாஃப்டின் பழைய பேசிக்கான இதன் 3.23 பதிப்பைத் திறந்ததும் 60300 பைட் காலி என்று காட்டும். 15க்கு 15 புதிரில், ஒரு குறுக்கு வரிசையை 15 பிட் (கறுப்புக்கு 1, வெற்றுக்கு 0) கொண்ட ஒரே முழு எண்ணாக வைக்கலாம், அதிகபட்சம் 32767. பதினாறாம் பிட்டைத் தொட்டால் 32768 ஆகி "ஓவர்ஃப்ளோ" பிழை வரும். முதல் முயற்சிக்கு 15ஐத் தாண்ட வேண்டாம்.

கேள்வி 4இன் முறை இங்கே இரண்டே செயலாகச் சுருங்கும். ஒரு வரிசைக்குப் பொருந்தும் அமைப்புகள் எல்லாவற்றையும் "ஆண்ட்" செய்தால் (எல்லாவற்றிலும் 1 ஆக உள்ள பிட்டை மட்டும் வைத்தால்) கிடைப்பவை உறுதியான கறுப்பு. எல்லாவற்றையும் "ஆர்" செய்து (ஒன்றிலாவது 1 ஆக உள்ள பிட்டை வைத்து), அந்த விடையை 32767இல் கழித்தால் கிடைப்பவை உறுதியான வெற்று. எட்டுக் கட்டத்தில் 5 என்றால் அமைப்புகள் 248, 124, 62, 31. ஆண்ட் செய்தால் 24, அதாவது நடு இரண்டு கட்டம். ஏற்கெனவே தெரிந்த கறுப்போடும் வெற்றோடும் முரண்படும் அமைப்பை முதலிலேயே தள்ளிவிட வேண்டும். ஓர் அமைப்புகூடப் பொருந்தவில்லை என்றால் எங்கோ முரண்பாடு.

அமைப்புகளை உண்டாக்க, எல்லாத் தொடரையும் இடப்பக்கம் நெருக்கித் தொடங்குங்கள். கடைசித் தொடரை ஒவ்வொரு கட்டமாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓரம் வந்தால் அதற்கு முந்தையதை ஒரு கட்டம் நகர்த்தி, பின்னால் உள்ளவற்றை அதை ஒட்டி நெருக்குங்கள். பிட் மதிப்புகளை 1, 2, 4 முதல் 16384 வரை ஓர் அணியில் (ஒரே பெயரில் எண்ணிட்டு வைக்கும் மாறிகளின் வரிசையில்) முன்கூட்டியே போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் அடுக்குக் குறியால் கணக்கிட்டால் தசம எண்ணாகக் கணக்கிட்டு மிகவும் மெதுவாகும்.

12. எல்லா வழியையும் கம்ப்யூட்டரே போட்டுப் பார்க்கட்டுமே, அது வேகம்தானே?

ஐந்துக்கு ஐந்திலேயே 3,35,54,432 படங்கள் சாத்தியம். 15க்கு 15 என்றால் அந்த எண்ணிக்கை 68 இலக்கம். எந்தக் கணினியும் முடிக்காது. வரிசை வரிசையாகப் போனால் கதை வேறு. பத்துக் கட்டத்தில் "4 3"க்கு ஆறே அமைப்புதான். கணக்கு எளிது: மிச்சத்தோடு தொடர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, அதிலிருந்து தொடர்களின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் வழிகள். இங்கே 4இல் 2, ஆகவே 6.

13. நிரல் அடிச்சேன், எர்ரரா வருது. என்னவா இருக்கும்?

"சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்றால் அணியின் அளவை அறிவிக்கும் டிம் கட்டளையை மறந்திருப்பீர்கள். அறிவிக்காத அணிக்கு 0 முதல் 10 வரைதான் இடம். "அவுட் ஆஃப் டேட்டா" என்றால் குறிப்பெண்களில் ஒன்று விட்டுப்போயிருக்கும், அல்லது காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி விழுந்து இரண்டு எண் ஒன்றாகியிருக்கும். "ரிட்டர்ன் வித்தவுட் கோசப்" வந்தால் முதன்மைப் பகுதியின் முடிவில் எண்ட் போடவில்லை. கோசப் கட்டளையால் மட்டும் அழைக்க வேண்டிய துணைப்பகுதிக்குள் ஓட்டம் நேராக இறங்கிவிட்டது.

பிழைச்செய்தியே இல்லாமல் தவறான விடை தருவது இன்னொன்று: அமைப்பு ஆண்ட் கறுப்பு = கறுப்பு என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவது. பேசிக்கில் சமக்குறி முதலில் கணக்கிடப்படும், ஆண்ட் பிறகுதான். (அமைப்பு ஆண்ட் கறுப்பு) = கறுப்பு என்று அடைப்புக்குள் எழுதுங்கள். பதினொன்றாம் வகுப்பில் சி++ படிப்பவர்களுக்கும் இதே பொறி உண்டு. பைத்தானில் இல்லை; அங்கே ஒற்றை ஆண்ட் குறி சமக்குறிக்கு முன்பே கணக்கிடப்படும், கேள்வி 11இன் 32767 வரம்பும் கிடையாது.

படம் சதுரமாக வரவில்லை என்பதும் இங்கேயே சேர்த்தி. ஸ்கிரீன் 1 முறையில் 320க்கு 200 புள்ளிகள்; திரை 4க்கு 3 என்பதால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம். கட்டத்தை 12 புள்ளி அகலம், 10 புள்ளி உயரம் என்று போட்டால் சதுரமாகத் தெரியும். ஒற்றை நிறத் திரை அட்டை இருந்த கணினிகளில் இந்த முறையே "இல்லீகல் ஃபங்ஷன் கால்" என்று நின்றுவிடும்; அங்கே 219ஆம் எண் எழுத்தை இரண்டு இரண்டாக அச்சிட்டுக் கட்டமாக்கலாம்.

14. வீட்டுல அத்தா காலத்து ஃப்ளாப்பி கிடக்கு. உள்ள இருக்கிற பேசிக் நிரலை எடுக்க முடியுமா?

முதலில் தட்டைப் பாருங்கள். நம் கரையில் ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்து, தட்டின் மேல் வெண்புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படி இருந்தால் கருவிக்குள் போடவே கூடாது. படிக்கும் முனையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல தட்டையும் கீறிவிடும். மூன்றரை அங்குலத் தட்டுக்கு யூஎஸ்பி கருவி போதும். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய கருவியும் தனி இடைமுகப் பலகையும் தேவை. திறந்தவுடன் எல்லாவற்றையும் ஒரேயடியாக நகல் எடுங்கள். இரண்டாம் முறை படிக்கும் என்று நம்ப வேண்டாம்.

எடுத்த கோப்பை நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம். சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின் காற்புள்ளியும் ஏ எழுத்தும் போடாவிட்டால் ஜிடபிள்யூ பேசிக் சுருக்க வடிவில்தான் எழுதும். முதல் பைட் 255 என்றால் அதுதான். பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் ஜிடபிள்யூ பேசிக்கை ஓட்டித் திறந்து, ஏ போட்டு மறுபடி சேமித்தால் எழுத்தாகக் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 2020இல் ஜிடபிள்யூ பேசிக்கின் மூல நிரலையே வெளியிட்டுவிட்டது. ஆர்வமுள்ளவர்கள் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம்.

15. எண்ணெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. பாதி போட்டுட்டு மீதியைத் திருப்பிப் போட்டா தப்பா?

இரண்டு நிபந்தனையும் பொருந்தினால் தப்பில்லை. ஒவ்வொரு குறுக்கின் குறிப்பும் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். "2 5 2" போல. நெடுக்குக் குறிப்புகளின் பட்டியலும் இடமிருந்தும் வலமிருந்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது விடையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பினாலும் அதே எண்களுக்குப் பொருந்தும். புதிருக்கு ஒரே விடைதான் என்பது உறுதியானால், திருப்பியதும் அதே படமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரே விடை என்பது உறுதியில்லாத, வீட்டில் செய்த புதிரில் இதைப் பயன்படுத்தக் கூடாது. கேள்வி 8இன் இரண்டுக்கு இரண்டு கட்டமே சாட்சி: எண்கள் முழுக்கச் சமச்சீர், விடை இரண்டில் எதுவும் இடவலமாகச் சமச்சீர் இல்லை.

16. வரிசை வரிசையாப் பார்த்தும் என் நிரல் நின்னுருது. கம்ப்யூட்டராலயும் முடியாத புதிர் இருக்கா?

வரிசை முறையால் மட்டும் தீராத புதிர்கள் உண்டு. எந்த அளவுப் புதிரையும் வேகமாகத் தீர்க்கும் பொதுவழி இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. 1996இல் உவேதா, நாகாவோ இருவரும் இந்தப் புதிர் என்பி-முழுமை என்ற கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார்கள். அப்படி ஒரு பொதுவழி கிடைத்தால், பல ஆயிரம் கடினமான கணக்குகளுக்கும் அதுவே வழியாகிவிடும்.

15க்கு 15 அளவுக்குக் கேள்வி 7இன் நிறப் பென்சில் முறையை நிரலாக்கினால் போதும். ஆனால் பேசிக்கின் கோசப்பில் துணைப்பகுதிக்கென்று தனி மாறிகள் கிடையாது. உள்ளே போகும்போது பழைய நிலை அழிந்துவிடும். ஆகவே கறுப்புக்கும் வெற்றுக்கும் ஆழம், வரிசை என்று இரட்டை அணிகள் வையுங்கள். ஒரு கட்டத்தை அனுமானிக்கும் முன் நடப்பு 15 வரிசைகளையும் அடுத்த ஆழத்துக்கு நகல் எடுத்து, அங்கே வேலை செய்யுங்கள். முரண்பட்டால் ஆழத்தில் ஒன்றைக் கழித்து, அதே கட்டத்தில் எதிர் மதிப்பை வைத்துத் தொடருங்கள். 16 ஆழம் வைத்தாலும் இரண்டு அணிக்கும் சேர்த்து 480 முழு எண், 960 பைட். முதல் வரியிலேயே டெஃபின்ட் போட்டு எல்லா மாறியையும் முழு எண்ணாக்குங்கள்; இல்லாவிட்டால் இடம் இரட்டிப்பாகும். விடை கிடைத்ததும் நிறுத்தாமல் இரண்டாவது விடை உண்டா என்று தேடவிட்டால், பிள்ளைகள் வரைந்த புதிரைச் சோதிக்கும் கருவியும் அதுவே ஆகிவிடும்.